நீ தூங்கிய ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கதிர்,

புனேக்கு மாற்றலானதைச் சொல்லிவிட்டு நேற்று போனில் நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அம்மா, புனேக்கு நீ வரியா இல்லியா, அதை மட்டும் சொல்லு. அதுக்கேத்த மாதிரி வீடு பாக்கணும்" என்றாய். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். எழுதி அனுப்புகிறேன் என்றேன். நீ சிரித்தாய். உனக்குச் சிரிப்பு வரும்தான். வாழ்நாளெல்லாம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். விசிலை ஊதித் திரும்பு என்றால் மைதானம் முழுக்கத் திரும்பும். யோசித்துப் பேச வேண்டிய அவசியம் எனக்கு அதிகம் வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. வாயால் சொன்னால் உன்னிடம் அது கட்டளையாகவே வந்து விழும். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்த்தால் எனக்கே ஏதாவது தெளியுமோ என்று ஒரு நம்பிக்கை. அனிதாவும் இதைப் படிக்கட்டும். உன் மனைவியிடம் மறைக்க இதில் எதுவும் இல்லை.

உன் அப்பா போன பிறகு, செங்கல்பட்டு வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு படப்பைக்கு வந்தேன் அல்லவா, அதுவரை உன் நாள் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. பெரிய வேலை, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கே தலைவன், கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டம் செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால், வீட்டில் உன்னை முழுசாகப் பார்ப்பதே அரிதாக இருந்தது. காலையில் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுகிறாய். சாப்பிடுகிற நேரம் தாண்டித் திரும்புகிறாய். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு தோசையைப் பிய்க்கிறாய். வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறதாம், அவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டுமாம். உன் குழந்தை மீனு உன் மடியில் உட்கார்ந்து உன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே தூங்கிப்போவாள். நீ அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டு மறுபடி லேப்டாப்பைத் திறப்பாய். நீ எப்போது படுத்தாய் என்று எனக்குத் தெரிந்த நாளே இல்லை.

மருத்துவரிடம் உன்னை அழைத்துப் போனது அனிதா. நானும் கூட வந்தேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ரத்த அழுத்தம் எல்லையைத் தாண்டிவிட்டது என்றார். "நல்லா நடங்க, நல்லா தூங்குங்க, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார், மூன்றும் ஒரே அட்டையில் இருக்கும் மாத்திரைகள் மாதிரி. சொல்லி முடித்ததும் அவரே ஒரு கொட்டாவி விட்டார். நாம் மூவரும் அதைப் பார்த்தோம். வெளியே வந்ததும் நீ, "மூணுல எதும்மா முதல்ல?" என்று கேட்டாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நடைதான் என்றேன். உனக்கும் பதில் முன்பே தெரியும். பள்ளியில் அழுகிற பெண்ணுக்கும் நான் மைதானத்தைச் சுற்றச் சொன்னேன், கணக்கில் தவறிய பெண்ணுக்கும் மைதானத்தைச் சுற்றச் சொன்னேன். சின்ன வயதில் நீ எழுந்திருக்க மறுத்தால் ஃபேனை நிறுத்துவேன். வியர்த்து எழுந்து, கண்ணைத் திறக்காமலே கான்வாஸ் ஷூவைத் தேடுவாய். உன் அப்பா, "அந்தப் பையனைத் தூங்க விடேன்" என்பார். அவர் நன்றாகத் தூங்குவார். தாலுகா ஆபீஸ் நாற்காலியிலும் தூங்குவார், கல்யாண வீட்டுப் பந்தலிலும் தூங்குவார். ஒரு நாளும் வேகமாக நடந்தவரில்லை. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது, நடந்திருந்தால் இருந்திருப்பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதனாலும்தான் உன்னை அவ்வளவு பிடிவாதமாக எழுப்பினேன் என்று இப்போது படுகிறது.

மறுநாளிலிருந்து விடியும் முன் உன் கதவைத் தட்டினேன். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அடுக்குமாடிக்குப் பின்னால், புதிதாகப் பிரித்துப் போட்டிருக்கும் மனைகளுக்கு நடுவே, வீடு வராத தார் ரோடுகள் இருக்கின்றன அல்லவா, அங்கே போவோம். எல்லைக் கற்களும் காற்றில் கிழிந்த விளம்பரக் கொடிகளும் தவிர ஒன்றும் இருக்காது. தூரத்தில் வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்கும். முதல் சில நாள் நீ பேசவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தாய். எவ்வளவு பேசினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? தலைவனாக்கிய அன்று கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றதைச் சொன்னாய். உன்னைவிட வயதில் மூத்தவர்கள் உன்னை சார் என்று அழைப்பது இன்னும் கூச்சமாக இருக்கிறது என்றாய். ஒரு நாள், "மீட்டிங்ல பேசிக்கிட்டே இருக்கேம்மா, பாதியில என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோயிடுது. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேகமா நட, ரத்த ஓட்டம் வந்தா சரியாயிடும்" என்றேன். தூக்கம் போதவில்லை என்று நீ சொன்னதை, நடை போதவில்லை என்று கேட்டுக்கொண்டேன். என் காது அப்படிப் பழகிப்போயிருந்தது.

ஆனாலும் எனக்குள் ஏதோ உறுத்தியது. உன்னைப் போன்ற மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அது உனக்குத் தெரியாது. அதே ரோட்டில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் பேசியபடி நடப்பாரே ஒருவர், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மேலாளர், அவரிடம், "நடக்கும்போதாவது போனை வெச்சிடக் கூடாதா சார்?" என்று கேட்டேன். "அந்தக் கால் இருக்கிறதாலதான் மேடம் இந்தக் கால் நடக்குது" என்று காதையும் காலையும் காட்டிச் சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போனார். நம் கீழ்த்தளத்தில் இருக்கும் பெண், ஒரு தொழிற்சாலையில் ஆட்களைத் தேர்வு செய்யும் பிரிவுக்குத் தலைவி, மதியம் காரில் சீட்டைச் சாய்த்து, கண்ணுக்குத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் தூங்கிவிடுவாளாம். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றேன். "போன் பேசறேன்னு நினைப்பாங்க ஆன்ட்டி, அதுக்குத்தான் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுத் தூங்கறேன்" என்றாள். மறைமலை நகருக்குத் தினமும் கார் ஓட்டிப் போகும் இன்னொருவர், ஓய்வு பெறும் வயது, பள்ளிக்கூடம் விட்டபின் ஓடியதே இல்லை, அதிகம் தூங்கியதும் இல்லை, சர்க்கரையும் இல்லை, எல்லாம் மனசுதான் மேடம் என்றார். எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னது அடித்தது. எல்லோரும் தங்களுக்குச் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். சொல்லும்போது எல்லோருடைய கண்ணும் சிவந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அனிதா என்னிடம் பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம். தயங்கித் தயங்கி, "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் தூங்கறதே கொஞ்ச நேரம். நீங்க எழுப்ப ஆரம்பிச்ச பிறகு அதுலயும் ஒரு மணி நேரம் போயிடுச்சு" என்றாள். அப்படியானால் அவன் என்னிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "மாமா போனதுக்கப்புறம் நீங்க தனியா இருக்கீங்கன்னு கூட வரார் அத்தை. உங்களுக்காகத்தான் நடக்கறேன்னு என்கிட்ட சொன்னார்" என்றாள். கையில் உன் சட்டை இருந்தது. அதை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். உனக்காக என்று நான் எழுந்துகொண்டிருக்கிறேன், எனக்காக என்று நீ எழுந்துகொண்டிருக்கிறாயா? மறுநாள் நடையில் உன்னிடம், "நாளையிலேர்ந்து வேணாம்டா, நீ தூங்கு" என்றேன். நீ நின்றுவிட்டாய். "ஏம்மா? எனக்கு ஒழுங்கா நடக்கிறது இந்த ஒண்ணுதான். இதையும் நிறுத்திட்டா எப்படி?" என்றாய். அனிதா சொன்னது நிஜமா, நீ சொன்னது நிஜமா? இரண்டுமே நிஜமாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எதையும் தீர்மானிக்காமல் நடந்துகொண்டே இருந்தோம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நடந்துவிட்டு வந்து இட்லி சாப்பிட்டாய். அனிதாவும் மீனுவும் தாம்பரத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, ஷேர் ஆட்டோவில் கிளம்பிப் போனார்கள். நீ சோபாவில் சாய்ந்து பேப்பரைப் பிரித்தாய். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துவிட்டு எட்டிப் பார்த்தபோது, பேப்பர் உன் மார்பில் கவிழ்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. உன் முகத்தில் இருந்த மேலாளர் எங்கோ போய்விட்டார். காய்ச்சலில் படுத்திருந்த சின்னப் பையனாகத் தெரிந்தாய். சாப்பாட்டு மேசையில் இருந்த உன் போன் அடித்தது. நீ அசையவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நீ அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. திரையில் 'பிரபு ஷிஃப்ட்' என்று வந்தது. உன்னிடம் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கும் வடக்குப்பட்டுப் பையன், மீனுவின் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு வந்து கேக் சாப்பிட்டுப் போனவன். எடுத்தேன்.

"சார், லாரி நின்னுகினு கீது சார்" என்று ஆரம்பித்தான். நான் சார் இல்லை, அம்மா என்றேன். "அம்மா, சார்கிட்ட குடுங்கம்மா, கொஞ்சம் அவசரம்" என்றான். என்ன அவசரம் என்று கேட்டேன். சீட் சட்டத்தில் வெல்டிங் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம், ஆனால் சந்தேகம்தான், சரக்கு ஏற்கெனவே லாரியில் ஏறிவிட்டது, அனுப்பினால் திரும்பி வந்தாலும் வரும், நிறுத்தினால் கார் கம்பெனியில் உற்பத்தி லைன் காத்து நிற்கும் என்று படபடவென்று சொன்னான். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

"யாருக்காவது அடி பட்டிருக்கா பிரபு?"

"இல்லம்மா."

"தீ, கீ ஏதாவது?"

"அதெல்லாம் இல்லம்மா. சார் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சார் தூங்கறார்."

"தூங்கறாரா?" என்றான். நீ ஊரைவிட்டு ஓடிவிட்டாய் என்று நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான். அவனுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

"எனக்கா? நிறுத்தி ஒவ்வொண்ணா பாத்துட்டு அனுப்பலாம்னு தோணுது. ஆனா சார் சொல்லாம நான் எப்டிம்மா..." பாதியில் நிறுத்தினான். பிறகு அவன் குரல் ரொம்பத் தணிந்துவிட்டது, அவன் பேசுவதே உன்னை எழுப்பிவிடும் போல. "சரிம்மா, எழுப்பாதீங்க. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்த பிறகு நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எழுந்து வந்து உன் தோளுக்கு அருகே கையைக் கொண்டுபோனேன். எடுத்துக்கொண்டேன். ஜன்னலருகே நின்றேன். மறுபடி வந்தேன். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் யார் முதலில் கயிற்றைத் தொட்டார்கள் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன், யாரும் எதிர்த்ததில்லை. உன்னை எழுப்புவதா வேண்டாமா என்று அன்று முற்பகல் முழுக்க எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாம்பார் ஆறிப்போனது. வெயில் சோபாவின் கால்வரை வந்துவிட்டு நகர்ந்தது. நீ எழுந்தபோது கண்ணைத் திறந்ததும் சிரித்தாய். "என்னம்மா, இவ்ளோ நேரமா தூங்கிட்டேன்?" என்றாய். அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் விட்டு வைத்திருக்கலாம் என்று ஆசைதான். ஆனால் உடனே சொல்லிவிட்டேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாக்ஸ் இல்லாமல் ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு, தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் கிளம்பிப் போனாய்.

அடுத்த நாட்களில் நடந்ததை அனிதா சொல்லித்தான் அறிந்தேன். பிரபு லாரியை நிறுத்தி, எல்லாவற்றையும் இறக்கி, ஆட்களை வைத்துப் பார்த்திருக்கிறான். சிலவற்றில் வெல்டிங் சரியில்லாமல் இருந்ததாம். பெரும்பாலானவை நன்றாகவே இருந்தனவாம். லாரி தாமதமாகப் போனதால் கார் கம்பெனிக்காரர்கள் கொதித்திருக்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் பாதிப் பேர் நிறுத்தியதுதான் சரி என்றார்கள். மற்றவர்கள் கையிருப்பில் இருந்ததை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு பார்த்திருக்க வேண்டும், உனக்கு அது தோன்றியிருக்கும், பிரபுவுக்குத் தோன்றவில்லை என்றார்கள். வீடியோவில் நடந்த கூட்டத்தில், அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று ஒருவர் கேட்டாராம். "ஐ வாஸ் ஸ்லீப்பிங்" என்று சொன்னாயாம். யாரோ சிரித்தார்களாம். பிரபுமேல் குற்றம் இல்லை, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னாயாம். அடுத்த அறையிலிருந்து இதைக் கேட்டதாக அனிதா சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. பெருமையிலா வருத்தத்திலா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நீ நிஜமாகவே அதைத்தான் சொல்லியிருப்பாயா கதிர்? இன்றுவரை உன்னிடம் இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க நீ என்னோடு பேசவில்லை. நானும் கதவைத் தட்டவில்லை. பிறகு ஒரு காலையில் நீயே ஷூ போட்டுக்கொண்டு என் அறை வாசலில் நின்றாய். "வாம்மா, நடக்கலாம்" என்றாய். வெகுதூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நீ பண்ணது சரியா தப்பான்னு எனக்கே தெரியலம்மா. என் வேலைல நீ கை வெச்சிருக்கக் கூடாது. ஆனா அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு, தெரியுமா?" எனக்கு அழுகை வந்தது. வேகமாக நடந்து மறைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே செங்கல்பட்டுக்குத் திரும்பிவிட்டேன். நான் கோபித்துக்கொண்டு போனதாக நீ நினைத்தாய். அனிதா தான் சொன்ன வார்த்தையால்தான் என்று நினைத்து அழுதாள். இரண்டும் இல்லை. நான் அந்த வீட்டில் இருந்தால் விடியும் முன் நீ எழுந்துவிடுவாய். நான் தட்டாவிட்டாலும் எழுந்துவிடுவாய். நீ தூங்க வேண்டும் என்பதற்காகக் கிளம்பினேன். இதைச் சொன்னால் என்னை நிறுத்திவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

இதுவரை உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறேன், கொஞ்சம் கூடக்குறைய. தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று நீ கொண்டுபோய் விடுகிறேன் என்றதை மறுத்து பஸ்ஸில் கிளம்பினேன் அல்லவா? ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முதல் ஷிஃப்ட் விட்டு பைக்கில் வந்த பிரபு என்னைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினான். என் பையை வாங்கிக்கொண்டு, டீக்கடைக்கு அழைத்துப் போனான். அவனிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக மனசில் இருந்தது. உன்னை மாட்டிவிட்டேனே பிரபு என்றேன். "அய்ய, அதெல்லாம் இல்லம்மா. சார் என்னை வுட்டுக்குடுக்கல" என்றான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. போன வாரம் நைட் ஷிஃப்ட்டா என்று கேட்டேன். இல்லை என்றான்.

"சார் மாறிட்டாரும்மா. இப்ப ஞாயித்துக்கெழம போனை ஆஃப் பண்ணிடறாரு. சாயங்காலம்கூட சீக்கிரம் கெளம்பிடறாரு. 'நீயே பாத்துக்கோ பிரபு, அன்னிக்கு நல்லாதான பண்ண'ன்னு சொல்றாரு."

"நல்லதுதானே?"

"நல்லதுதாம்மா. என் மேல நம்பிக்க வெச்சிகிறாரு, சந்தோசம்தான்." டீயை ஊதினான், குடிக்கவில்லை. "எனக்குத்தான் இப்ப தூக்கம் வர மாட்டேங்குது. போன் அடிக்கலன்னாலும் அடிச்ச மாதிரியே கீது. 'இன்னாய்யா, இப்டி முழிச்சினே கீற'ன்னு வூட்ல கேக்கறாங்க. முன்னாடி லீவு நாள்ல பசங்களோட கிரிக்கெட் ஆடுவேன். இப்ப ஃபீல்டிங்ல நின்னாகூட கை பாக்கெட்டையே தொட்டுப் பாக்குது. போன வாரம் கைக்கு வந்த கேட்சை வுட்டுட்டேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "சார்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. மறுபடியும் அவர் தூக்கம் கெட்டுடும்."

பஸ் வந்தது. பையை உள்ளே ஏற்றி, ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டுப் போனான். சிங்கப்பெருமாள் கோயில் வரும்வரை நான் வெளியே எதையும் பார்க்கவில்லை. உன் தூக்கம் எங்கிருந்து வந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அது எங்கோ காலியாகக் கிடந்ததாகவும், நான் உனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டதாகவும் நினைத்திருந்தேன். எடுத்தது அந்தப் பையனிடமிருந்து என்று அன்றுதான் புரிந்தது. அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னை எழுப்பியிருக்க வேண்டுமா? நீ இன்னும் அப்படியே, பேச்சின் நடுவில் வார்த்தை மறந்து நின்றுகொண்டிருக்க வேண்டுமா? அதுவும் என் மனசுக்கு ஒப்பவில்லை. யாரோ ஒருவர் விழித்திருந்தால்தான் அந்த ஒரகடம் ரோட்டில் எல்லாம் ஓடும் என்று இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதைத்தான் ஆளுக்கு ஆள் தள்ளிவிடுகிறார்கள் போலிருக்கிறது. நான் சொல்வது சரிதானா என்றும் எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலைக்குள் நான் காலெடுத்து வைத்ததுகூட இல்லை.

அவன் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை இரண்டு மாதமாக நான் காப்பாற்றினேன். இப்போது உடைக்கிறேன், ஏனென்றால் நீ புனேக்குப் போகப் போகிறாய். இங்கே உன் பொறுப்பில் பாதியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாய். கொடு, அவன் அதற்குத் தகுந்தவன்தான். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அவனை உட்கார வைத்துப் பேசு. அவன் மைதானத்தில் நிற்கும் நேரத்தில் அந்தப் போனை யார் எடுப்பார்கள், எடுப்பவன் தப்பாகவே முடிவு செய்தாலும் அவனுக்காக யார் நிற்பார்கள் என்று அவனோடு சேர்ந்து தீர்மானித்துவிட்டுக் கிளம்பு. நீ அவனை விட்டுக்கொடுக்காததுபோல அவனும் இன்னொருவனை விட்டுக்கொடுக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளட்டும். நான்தான் சொன்னேன் என்று அவனிடம் சொல்லிவிடு. என்மேல் கோபப்பட்டால் படட்டும், அந்தக் கோபம் எனக்கு வர வேண்டியதுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு எவ்வளவு நடை வேண்டும், எவ்வளவு தூக்கம் வேண்டும், வேலைக்கு எவ்வளவு விட வேண்டும் என்று இனி நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் உன்னை அதிகம் களைக்க வைத்தேன். இந்த இரண்டு மாதம் தனியாக நடந்ததில் ஒன்று மட்டும் தெரிந்தது. எனக்கு நடப்பதைவிட உன்னோடு பேசியதுதான் பிடித்திருந்தது. அதற்கு உன்னை விடியும் முன் எழுப்ப வேண்டியதில்லை. சாயங்காலம் மீனுவைக் கூட்டிக்கொண்டு காய்கறிக் கடைவரை போனாலும் பேசலாம். பேச்சில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரிதான்.

வருகிறேன். வீட்டில் எனக்கு ஒரு சின்ன அறை போதும். காலையில் நான் பாட்டுக்குப் போய் நடந்துவிட்டு வருவேன், என் சாவியை நானே வைத்துக்கொள்கிறேன், யாரும் எழுந்து கதவைத் திறக்க வேண்டாம். விமான டிக்கெட் எடுக்காதே. ஏறி இறங்குவதற்குள் நீ போனில் இரண்டு பேரிடம் பேசி முடித்துவிடுவாய். அனிதாவும் குழந்தையும் வேண்டுமானால் முன்னால் பறந்து போகட்டும். நாம் இரண்டு பேரும் ரயிலில் போவோம். வழியில் பாதி இடத்தில் சிக்னல் இருக்காது என்று சொல்கிறார்கள், எனக்கு அது போதும். நீ மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொள். நான் கீழே இருக்கிறேன்.

அம்மா